ரம் கலந்த கிறிஸ்துமஸ் ஜெலி உறையவில்லை, உறைந்ததும் உருகிவிடுகிறது: உதவி தேவை

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி முடிந்ததும் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, உறவினர்களையும் தோட்டத்து லயத்தில் எங்களோடு அடுத்தடுத்த வீடுகளில் இருந்த குடும்பங்களையும் அழைத்திருக்கிறோம். பெரியவர்களுக்காக, ரம் கலந்த ஜெலியைச் சிறு கிண்ணங்களில் சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று அடுக்காகக் கொடுக்க விரும்புகிறேன். ஜெலட்டின் தூளில் செய்து பார்த்தபோது, புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு சேர்த்த அடுக்கு இரவு முழுவதும் ஐஸ்பெட்டியில் இருந்தும் உறையவில்லை. ரோஸ் சிரப் அடுக்கு நன்றாக உறைந்தது, ஆனால் வெளியே மேசையில் வைத்த சிறிது நேரத்திலேயே இளகிவிட்டது. வருபவர்களில் இந்து உறவினர்களும், சைவம் மட்டுமே சாப்பிடும் ஒரு பாட்டியும் இருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில் (தைப்பிங், வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்)

வணக்கம் அக்கா. இரண்டும் வேறு வேறு காரணத்தால் வந்த சிக்கல்கள். சமைக்காத அன்னாசியில் புரோமிலின் என்ற நொதி இருக்கிறது. ஜெலட்டின் ஒரு புரதம் என்பதால், அது உறைவதற்கு முன்பே நொதி அதை அறுத்துவிடும். பப்பாளி, கிவி, இஞ்சி ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உள்ளன. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதனால் அதில் இந்தத் தொல்லை வராது. சாற்றைக் கொதிக்க வைத்து ஆற்றிச் சேர்த்தாலும் ஜெலட்டின் உறையும்.

உருகுவதற்குக் காரணம் நம் ஊர் வெக்கைதான். ஜெலட்டின் ஏறக்குறைய 30 முதல் 35 பாகை செல்சியசுக்குள் இளகிவிடும். டிசம்பர் மாதமானாலும், ஆட்கள் நிறைந்த கூடாரத்துக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

பாட்டியை நினைத்தால் மூன்றாவது காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முதன்மையாகப் படுகிறது. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுக்கப்படுவது. பெட்டியில் ஹலால் முத்திரை இருந்தால் அது பன்றியல்ல என்று மட்டும்தான் தெரியும், பல சமயம் அது மாட்டு ஜெலட்டினாகவே இருக்கும். மாட்டிறைச்சி தொடாதவர்களுக்கு அதைத் தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது. ஆகவே கடற்பாசியிலிருந்து வரும் அகார் அகார் தூளுக்கு மாறிவிடுங்கள். அது 40 பாகைக்குக் கீழே வந்ததும் அறைச் சூட்டிலேயே உறையும், பிறகு 85 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் மீண்டும் உருகும். அன்னாசி நொதியும் அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது புரதமல்ல.

அளவு சொல்கிறேன். ஓர் அடுக்குக்கு 150 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் தூளைக் குளிர்ந்த நிலையிலேயே கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் பொடி மணி மணியாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். கரைந்த பிறகு சர்க்கரை சேர்த்து இறக்கி, ஆவி அடங்கியதும் 50 மில்லிலிட்டர் ரம்மை மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். மது 78 பாகையில் கொதிப்பது, எனவே கொதிக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் வாசனையும் வேகமும் ஆவியோடு போய்விடும். மூன்று அடுக்கும் சேர்ந்தால் 30 மில்லிலிட்டர் கிண்ணம் 20 நிறையும்.

சிவப்புக்கு ரோஸ் சிரப்பும், பச்சைக்குப் பாண்டான் இலைச் சாறும், வெள்ளைக்குத் தேங்காய்ப்பாலும் போதும். தேங்காய்ப்பால் சேர்ந்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

பதில் (கிள்ளானிலிருந்து)

ஜெலட்டின் நாக்கில் கரைகிற சுகம் அகாரில் கிடைக்காது, அது கடித்தால் உடைகிற வகை. விருந்தினர் எல்லாரும் உண்ணக்கூடியவர்களாக இருந்தால், தட்டின் அடியில் ஐஸ் பரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்து ஜெலட்டினையே கொடுத்துவிடலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு மேலே சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று அகாரில் செய்தேன், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த ரம்மை ஊற்றியதும் நூல் நூலாகத் திரிந்தது. கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றை நீரோடு சேர்த்துக் கொதிக்க வைத்த அடுக்கு தளதளவென்று நின்றது. கிண்ணத்திலிருந்து கவிழ்த்தால் அடுக்குகள் வழுக்கித் தனித்தனியாக விழுகின்றன. இன்னொரு சந்தேகம்: வெளியில் வரி முத்திரையில்லாத ரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது, எப்படியும் சூட்டில் கலக்கப் போவதால் அது போதுமா?

பதில் (தைப்பிங்)

ரம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்தது பட்ட இடத்தில் அகார் அந்த நொடியே உறைந்துவிடும், நீங்கள் பார்த்த நூல் அதுதான். இவ்வளவு சிறிய அளவு சீக்கிரம் ஆறிவிடுமென்பதால், பாத்திரத்தைச் சுடுநீர் இருக்கும் சட்டிக்குள் வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். புளிப்போடு கொதித்தால் அகாரின் பிடிமானம் தளரும், ஆகவே எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு சேர்க்கவும்.

அடுக்குகள் ஒட்டுவதற்கு, கீழ் அடுக்கு முழுவதும் ஆறிக் கெட்டியாகும் வரை காத்திருக்கக் கூடாது. விரலால் மெல்லத் தொட்டால் மேலே ஆடை கட்டியிருக்க வேண்டும், ஆனால் கிண்ணத்தை அசைத்தால் உள்ளே இன்னும் ஆட வேண்டும். அந்தப் பக்குவத்தில் அடுத்த அடுக்கைச் சூடாக, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். நேரம் தவறிக் கெட்டியாகிவிட்டால் முள்கரண்டியால் மேற்பரப்பைக் கீறிவிட்டு ஊற்றலாம். அன்று காலையிலேயே செய்யுங்கள், முதல் நாளே செய்தால் தண்ணீர் விடும். உறைபெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்)

அம்மா, முத்திரையில்லாத மதுவைத் தயவுசெய்து வாங்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்ன செய்தது என்பதை என் பணிக்காலத்தில் நேரில் பார்த்தவன் நான். மெத்தனால் 65 பாகையில் கொதிக்கும் என்பதால் சூட்டில் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். மதுவோடும் நீரோடும் கலந்திருக்கும்போது அது அப்படித் தனியாகப் பிரிந்து போகாது, நாக்குக்கும் தெரியாது. உரிமம் பெற்ற கடையில், வரி முத்திரையோடு மூடியிருக்கும் போத்தலை மட்டும் வாங்குங்கள்.

மேலே சொன்ன அளவில், 40 விழுக்காடு ரம்மைச் சேர்த்தால் ஜெலியில் 10 விழுக்காடு மது இருக்கும். கிண்ணத்துக்கு ஏறக்குறைய 2.4 கிராம் வருவதால், நான்கு கிண்ணம் சாப்பிட்டவர் 10 கிராம் சுத்த மதுவை உட்கொண்டவராகிறார். இனிப்புப் பண்டமாக இருப்பதால் கை தானாக அடுத்த கிண்ணத்துக்குப் போகும், எண்ணிக்கை மனத்தில் நிற்காது. மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வாகனமோட்டிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, எனவே ஓட்டிச் செல்பவர்களுக்கு மது இல்லாத தட்டிலிருந்து கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ரம் இல்லாமல் செய்வதை அதே மூன்று நிறத்தில் செய்ய வேண்டாம். மஞ்சள் நிறத்தில், பெரிய வட்டக் கிண்ணத்தில் செய்து வேறு மேசையில் வைத்துவிடுங்கள். பெரியவர்களின் தட்டை உள்ளேயே வைத்து, ஒருவர் பொறுப்பில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.