பலகையில் வங்கி, சட்டத்தில் சங்கம்: அப்பாவின் ஏழு லட்சத்துக்கு யார் பொறுப்பு?

வேலந்தாவளத்து மகன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியில் அப்பா 7 லட்சம் போட்டு வைத்திருந்தார். கறவை மாடுகளையும் பாதித் தோப்பையும் விற்ற காசு. இப்போது மாதம் 5,000 ரூபாய், அதுவும் டோக்கன் முறையில். போன வாரம் அவருக்கு 63ஆம் எண் கிடைத்தது. நாற்பதோடு பணம் தீர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பாலக்காட்டு பஸ்ஸின் பலகையை எழுத்தின் வளைவை வைத்துக் கண்டுபிடிப்பார். அதே மாதிரி பாஸ்புத்தகத்திலும் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: 'பேங்க்'. அதை நம்பித்தான் போட்டார். வங்கி முழுகினாலும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். விசாரித்தால், இந்தச் சங்கத்துக்கு அந்தக் காப்பீடே கிடையாதாம். இப்படிப்பட்டவற்றை இழுத்து மூட வேண்டும் என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற கணக்கர்

தம்பி, அப்பாவின் நிலைமை வருத்தம்தான். ஆனால் 'மூடு' என்று எழுத ஒரு நிமிடம் போதும். நான் வேறொரு ஊர்ச் சங்கத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். குத்தகைக்கு நெல் போடுகிறவனிடம் பத்திரம் ஏது? பெரிய வங்கியில் அவனை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். கேரள அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோ நெல்லை எடுத்துக்கொண்டு ரசீதைக் கொடுக்கும். பணம் கைக்கு வர மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை அடுத்த போகத்து விதைக்கும் உழவுக் கூலிக்கும் யார் கொடுத்தது?

பணம் எங்கே போனது என்று கேட்கிறார்கள். உங்கள் ஊரிலேயேதான் கிடக்கிறது. ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் வராத போர்வெல்லுக்குள் கிடக்கிறது. அது மெல்லத்தான் திரும்பும். அதற்குள் எவனோ வாட்ஸாப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினால் மறுநாள் காலையில் வாசலில் வரிசை. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கி தாங்கும்?

தோப்புக்காரன்

அரை சதவீதம் வட்டி கூட என்று ஓடிப்போய்ப் போட்டது யார்? இப்போது அழுது என்ன பயன்?

வேலந்தாவளத்து மகன்

வட்டிக்கு இல்லை, ஐயா. பெரிய வங்கியில் அவர் நீட்டிய படிவத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார்கள். சங்கத்துச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து, தமிழில் பேசி வாங்கிப் போனார்.

முதலமடை மாந்தோப்பு

கணக்கர் ஐயா சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி என் வீட்டுக்குத் தபாலில் வந்தது. எதிர்வீட்டுக்காரரின் 2 லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸில் 20 லட்சம் என்று இருக்கிறது. ஈடாகக் காட்டியிருப்பது 60 சென்ட் பாறை நிலம், ஆடு மேய்க்கத்தான் ஆகும். அதற்கு அவ்வளவு மதிப்பு எழுதிய கை எது? குரல்பதிவு அனுப்பியவனின் கையா?

திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கி முறைகேடு 2021இல் வெளியே வந்தபோதும் இதே குற்றச்சாட்டுதான்: ஒரே பத்திரத்தின் பேரில் பல கடன்கள், கடன் வாங்கியதே தெரியாத ஆட்கள். அன்று அதைச் செய்தியாகப் படித்தேன்.

பொள்ளாச்சிச் சந்தை

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். எங்கள் ஊரில் இதே வேலையைச் செய்யும் இடத்தில் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்று பலகை தொங்குகிறது. வாய் வலிக்கும் பெயர், ஆனால் உண்மையான பெயர். 5 லட்சம் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் இருக்கிறது (அதற்கு முன் 1993 முதல் 1 லட்சம்). நகர்ப்புற, மாவட்ட, மாநிலக் கூட்டுறவு வங்கிகளுக்கு அது உண்டு. தொடக்கச் சங்கங்களுக்கு இல்லை. இந்தச் சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே பொது அறிவிப்பு வெளியிட்டது. கேரள அரசு எதிர்த்தது. அப்பா அடையாளம் வைத்திருந்த அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை சண்டையும்.

ஓய்வுபெற்ற கணக்கர்

ரிசர்வ் வங்கி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பாலா சென்ட்ரல் வங்கியைக் கேளுங்கள். கோட்டயம் பக்கத்து ரப்பர் விவசாயிகளின் காசு அதில் இருந்தது. கணக்கில் இருந்த ஓட்டை ரிசர்வ் வங்கிக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 1960 ஆகஸ்ட் 8 அன்று கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. பணம் போட்டவன் அதுவரை வாசலிலேயே நின்றான்.

வேலந்தாவளத்து மகன்

நீங்கள் எனக்குச் சாதகமாக வாதாடுகிறீர்கள், ஐயா. பாலா வங்கி விழுந்த பிறகுதானே காப்பீட்டுச் சட்டம் வந்தது? 1962 ஜனவரியில், தலைக்கு 1,500 ரூபாய். அன்று ரப்பர்காரர்கள் பட்ட அடிக்கு நாட்டுக்கே குடை கிடைத்தது. அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் குடைக்குள் என் அப்பா இல்லை. சரி, 'மூடு' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். மூடினால் 5,000மும் வராது. ஆனால் பலகையை மாற்றுங்கள். மலையாளத்திலும் தமிழிலும் 'இங்கே போடும் பணத்துக்கு வைப்புக் காப்பீடு இல்லை' என்று வாசலில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்

எழுதினால் மறுநாள் ஒருவனும் போட மாட்டான், தம்பி.

முதலமடை மாந்தோப்பு

அப்படியானால் தெரியாமல் போட்டால்தான் ஓடும் என்கிறீர்கள். 31 ஆண்டுகள் இதைத்தான் பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற கணக்கர்

அம்மா, ஈட்டு மதிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிப்பட்ட கோப்புகள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. இரண்டைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவதற்கு என்னை வேறு கிளைக்கு மாற்றினார்கள்.

வேலந்தாவளத்துத் தம்பிக்கு: டோக்கன் வரிசையை மட்டும் நம்பாதே. நிரந்தர வைப்பு ரசீதின் அசலை வீட்டில் வைத்துக்கொள், அவர்கள் கேட்டாலும் கொடுக்காதே. நகலோடு பாலக்காட்டுச் சித்தூரில் கூட்டுறவு உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கு. அப்பாவுக்கு மருத்துவச் செலவு இருந்தால் அந்தச் சீட்டையும் இணை.

வேலந்தாவளத்து மகன்

அசல் ரசீதைப் 'புதுப்பிக்க வேண்டும்' என்று போன மாதமே வாங்கிக்கொண்டார்கள், ஐயா. மோர் குடித்த அதே செயலாளர்தான் வந்தார்.