“மணிமேகலை எங்கேடா?” – பொன்னியின் செல்வனைத் திரையில் பார்த்த அனுபவங்கள்

அரிசிலாறு

நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள், படம் பார்த்துவிட்டு நாவலைத் தேடியவர்கள், இரண்டிலும் பாதியில் நிற்பவர்கள், எல்லோரும் எழுதலாம். விமர்சனம் வேண்டாம், அது ஊர் முழுக்கக் கிடைக்கிறது. தியேட்டரில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

1950 அக்டோபர் கடைசியில் ‘கல்கி’ பத்திரிகையில் தொடர் ஆரம்பித்தபோது எங்கள் பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. கும்பகோணத்தில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் பத்திரிகை வாங்குவார்களாம். அந்த வீட்டு அம்மா படித்து, அவருடைய மாமனார் படித்து, பாட்டி கைக்கு வருவதற்குள் அடுத்த இதழே வந்துவிடும். மூன்றரை வருஷம் இப்படி. தொடர் முடிந்த கையோடு பாட்டியின் அப்பா பழைய இதழ்களைக் கேட்டு வாங்கிப் பக்கங்களைப் பிரித்து பைண்டு செய்து கொடுத்தார். ஓவியர் மணியத்தின் படங்களோடு அந்தப் புத்தகங்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. இரண்டாவது பைண்டிங்கில் மட்டும் கரையான் புகுந்துவிட்டது.

2022 செப்டம்பர் 30 அன்று முதல் பாகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்குப் பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். “1958லேயே எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினாரு. அப்போலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன், நீ என்ன டிக்கெட்டுக்கு அலுத்துக்கறே” என்றார்.

படம் ஆதித்த கரிகாலனின் போரில் தொடங்கியது. பாட்டி என் காதருகே வந்து, “இவன் ஏன் இப்பவே வந்துட்டான்? முதல் பாகம் முடியப்போறப்ப மாமல்லபுரத்துல இல்ல வரணும்?” என்றார். கார்த்தி குதிரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வீரநாராயண ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களையும் வந்தியத்தேவன் எண்ணவில்லை என்று ஒரு குறை. முன்வரிசைப் பையன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை, “பாட்டி, அடுத்தது என்ன?” என்று அவனே கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இந்தத் தடவை பாட்டி காத்திருந்தது ஒருத்திக்காக. கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை. தொடரின் கடைசி அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது!’. வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகும். அதைப் படித்தபோது பாட்டிக்குப் பதினாறு வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அன்று சாப்பிடவில்லையாம். மாப்பிள்ளை பிடிக்கவில்லையோ என்று வீடே பயந்துபோனதாம்.

கடம்பூர் மாளிகை வந்தது. கந்தன்மாறன் வந்தான். “அண்ணன் இருக்கான், அவ எங்கேடா?” அவளைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு முந்தின நாளே தெரியும். சொல்ல மனம் வரவில்லை. “பார்ப்போம் பாட்டி” என்றேன். மகுடம் சூட்டி, பெயர்கள் ஓடி, விளக்குப் போட்டுவிட்டார்கள். பாட்டி எழுந்திருக்கவில்லை.

“சாகறதுக்காவது ஒரு தடவை கூட்டிட்டு வந்திருக்கலாம்டா” என்றார்.

கதை தெரியாதவன்

நான் எதிர்க்கோஷ்டி. ஒரு வரி படிக்காமல் போனேன். மனைவி ஐந்து பாகத்தையும் மூன்று தடவை படித்தவள்.

முதல் அரை மணி நேரம் கார்த்திதான் பொன்னியின் செல்வன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். படத்தின் பேர் அது, திரையில் ஓயாமல் வருவது இவர், வேறென்ன நினைப்பது? அப்புறம் அருள்மொழிவர்மன் என்று ஒருவர் இலங்கையிலிருந்து வருகிறார், அவர்தான் பொன்னியின் செல்வன், பிற்காலத்தில் ராஜராஜனும் அவர்தான் என்றாள். பழுவேட்டரையரில் பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர். மதுராந்தகன் சுந்தர சோழருக்கு மகனா, தம்பியா என்று கேட்டேன். பெரியப்பா மகன் என்றாள். இடைவேளையில் பாப்கார்ன் பில்லின் பின்பக்கம் வம்சாவளியைப் போட்டுக் கொடுத்தாள். விஜயாலயன் வரைக்கும் போய்விட்டாள். இடம் பத்தாமல் கார் பார்க்கிங் சீட்டிலும் எழுதினாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் குறையவில்லை. மணிமேகலை என்று ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாதே. நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் கரிகாலனாக விக்ரமும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கடம்பூர் அறையில் நான் மூச்சுவிட மறந்தேன். பக்கத்தில் இவள், “இந்த அறைக்குள்ள இன்னும் நாலு பேர் இருக்கணும்” என்று முணுமுணுத்தாள்.

பிறகு நாவல் வாங்கினேன். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதிலிருந்து ஆளாளுக்குப் போடுகிறார்கள். புத்தகக் கண்காட்சியில் மலிவாகவே கிடைத்தது. குடந்தை சோதிடர் வீட்டுக்குள் வந்தியத்தேவன் தடதடவென்று நுழைகிறான், உள்ளே குந்தவையும் வானதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் இல்லாத காட்சி, ஆனால் எனக்குள் கார்த்தியும் த்ரிஷாவும்தான் நடித்தார்கள். படித்துக்கொண்டே சிரித்தேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து, “சோதிடர் வீடா?” என்று குரல் வந்தது.

இப்போது முதல் பாகத்தில் நிற்கிறேன். கதையைச் சொல்லிவிடாதீர்கள். (ஆமாம், படம் பார்த்துவிட்டேன்தான். இருந்தாலும்.)

வடமராட்சி

நாங்கள் யாழ்ப்பாணத்தில் பார்த்தோம், அக்காவும் நானும்.

1987இல் வடமராட்சியில் சண்டை மூண்டு வீட்டை விட்டு ஓடியபோது அக்காவின் பையில் ஒரு புத்தகம்தான் இருந்தது. மூன்றாம் பாகம், ‘கொலை வாள்’. படித்துக்கொண்டிருந்ததை அப்படியே எடுத்து வைத்தவ. திரும்பி வந்தபோது மற்ற நாலு பாகமும் இல்லை. பல வருசம் எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் என்றால் அந்த ஒரு புத்தகம்தான். நான் எழுத்துக் கூட்டி வாசித்ததும் அதில்தான். எனக்கு அந்தக் கதை கோடிக்கரையில் தொடங்கி, காரணம் தெரியாத ஆட்கள் காரணம் தெரியாத விசயங்களுக்குக் கோபப்பட்டு, நடுவிலேயே நின்றுவிடும். நந்தினி யார் என்று அக்காதான் சொல்லுவா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லுவா.

பகிடி என்னவென்றால், எங்கள் ஊர் வருவது இரண்டாம் பாகத்தில். மாதோட்டம், அனுராதபுரம், தொண்டைமானாற்று முகத்துவாரம் எல்லாம் ‘சுழற்காற்று’க்குள் இருக்கிறது. பிறந்த ஊரைப் பற்றிய பாகம் இல்லாமல் வளர்ந்திருக்கிறோம்.

தியேட்டரில் இலங்கைக் காட்சிகள் தொடங்கியதும் பின்னுக்கிருந்த ஒருவர், “இது எங்கட கடலோ?” என்று சத்தமாகக் கேட்டார். “இல்லை அண்ணை, தாய்லாந்து” என்று யாரோ சொல்ல, சனம் சிரித்தது. படப்பிடிப்பை 2019 கடைசியில் தாய்லாந்தில்தான் தொடங்கினவை. அக்கா சிரிக்கவில்லை. முதல் பாகம் முடியும் இடத்தில் புயல், கப்பல், ஊமை ராணி கடலுக்குள் பாய்கிறா, அவளுக்கு நந்தினியின் முகம். நாவலில் கடலில் தத்தளிக்கும் அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் தேடிப் படகோடு வருவது படகுக்காரப் பெண் பூங்குழலி.

“அவளின்ர வேலையைப் பறிச்சுப்போட்டாங்கள்” என்றா அக்கா. வீடு வரும் வரைக்கும் அதே கதைதான்.

வசனப் பிரதி

பாட்டிக்கும் அக்காவுக்கும் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வெட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்கும் குழுவில் வசனம் எழுதினேன். மூன்று குடும்பங்கள், மூன்று தலைமுறை. ஆட்கள் அதிகம் என்று முதல் வாரமே ஓர் அத்தையைத் தூக்கினோம். வருவாள், காபி குடிப்பாள், போவாள். அவ்வளவுதானே என்று நினைத்தோம். அறுபதாவது எபிசோட் எழுதும்போதுதான் தெரிந்தது, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று அந்த நாவலில் தெரிந்த ஒரே ஆள் அவள். ராத்திரி பதினோரு மணிக்கு அவளை பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று நேயர் யாரும் கேட்கவில்லை. நாவலைப் படித்த என் அம்மா கேட்டார்.

இந்த நாவல் கிட்டத்தட்ட முந்நூறு அத்தியாயம். இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். அப்படியே எடுத்தால் அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷம் சொச்சம்தான். கல்கிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வந்தியத்தேவனை ஆபத்தில் தொங்கவிட்டுவிட்டு, “அவனை அங்கேயே விட்டுவிட்டு நாம் பழையாறைக்குப் போவோம்” என்கிற மாதிரி வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். வாரம் ஒருமுறை படிக்கிறவருக்கு அது இன்பமான வேதனை. தியேட்டரில் அப்படி விட்டால் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

முதல் படம் தப்பித்தது ஓலையால். கரிகாலன் ஓலை கொடுக்கிறான், அதை எடுத்துக்கொண்டு வந்தியத்தேவன் ஊர் ஊராகப் போகிறான். கடம்பூர், தஞ்சை, பழையாறை, இலங்கை என்று அவன் போகிற இடமெல்லாம் ஒரு கிளைக்கதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தபால்காரர் பின்னாலேயே போனால் தெருவில் எல்லா வீடும் தெரிந்துவிடும் இல்லையா, அது மாதிரி. இரண்டாவது படத்தில் தபால் தீர்ந்துவிடுகிறது. வேறு ஒன்று கதையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு அவர்கள் நந்தினி, கரிகாலன் காதலை எடுத்துக்கொண்டார்கள். படமே இருவரின் சிறுவயதில்தான் ஆரம்பிக்கிறது. அந்த முடிவை எடுத்த நொடியிலேயே மணிமேகலை போய்விட்டாள் என்று நினைக்கிறேன். நாவலில் கரிகாலன் கொலை நடக்கும் அறையில் அவளும் இருக்கிறாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அவளை உள்ளே விட்டால் அந்தக் காட்சி இரண்டு பேருடையதாக இருக்காது. ‘கதை தெரியாதவன்’ மூச்சுவிட மறந்தது அவள் இல்லாததால்தான். பாட்டி எழுந்திருக்காததும் அதனால்தான்.

பூங்குழலி விஷயத்தில் நான் அக்கா கட்சி. ஏழு மாதம் ஜனங்களைக் காக்கவைக்க முதல் பாகத்தின் முடிவில் ஒரு முகம் தேவைப்பட்டது, சரி. ஆனால் படகை அவளிடமிருந்து எடுத்துவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? பாட்டு மட்டும்தான்.

இன்னொரு விஷயம். திரைக்கதையில் மணிரத்னம், ஜெயமோகனோடு இருக்கும் இ.குமரவேல், 1999இல் இதே நாவலைச் சென்னையில் மேடையேற்றியபோது நாடகமாக்கியவர். நாவலை வெட்டுவது அவருக்கு இரண்டாவது தடவை.

கல்வெட்டுப் பித்தன்

எல்லோரும் இல்லாதவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். சேந்தன் அமுதன் படத்தில் இருக்கிறான், ஆனால் அவன் ரகசியம் இல்லை. நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை அவன்தான்; குழந்தை மாறிப்போய்விடும்; கடைசியில் மகுடம் அவன் தலைக்குப் போகும். படத்தில் மதுராந்தகனுக்கே சூட்டிவிடுகிறார்கள். நாவல் வாசகர்கள் கொதித்தார்கள். சரித்திரப்படி உத்தம சோழர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர்தான். ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை. இந்த ஒரு இடத்தில் படம், நாவலைவிடச் சரித்திரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இதைச் சொன்னதற்காக என் மைத்துனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

படம் வந்த பிறகு ஒரு சித்திரை மாதத்தில் உடையார்குடிக்குப் போயிருந்தேன். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் அதில் வருகின்றன: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். அவர்களின் உறவினர் நிலம் வரைக்கும் பறிக்கச் சொன்ன ஆணை. யார் ஏவினார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. கல்கியும் கொன்ற கை யாருடையது என்று திட்டமாகச் சொல்லாமலே விட்டார்.

இரண்டு கல்லூரிப் பையன்கள் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துச் சுவரில் தேடிக்கொண்டிருந்தார்கள். “சார், ரவிதாசன் எந்த வரி சார்?” எனக்கும் சட்டென்று காட்ட வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அரை மணி நேரம் தேடினோம். குருக்கள் நடை சாத்தும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, “படம் வந்ததுலேர்ந்து இவனைத்தான் எல்லாரும் கேக்கறா, சுவாமியை யாரும் கேக்கறதில்லே” என்றார்.

கதை தெரியாதவன்

‘கல்வெட்டுப் பித்தன்’ ஐயா, கதையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டேனே! சேந்தன் அமுதனா? இப்போதுதான் அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான் வந்தியத்தேவன்.

கல்வெட்டுப் பித்தன்

மன்னிக்கவும். எழுபது வருஷம் ஆகிவிட்டதே என்று நினைத்துவிட்டேன்.

அரிசிலாறு

‘வசனப் பிரதி’ எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். தபால்காரர் உதாரணத்துக்குச் சிரித்தார். மணிமேகலை பத்தி வந்ததும், “இருக்கட்டும், அவருக்கும் அஞ்சரை மணி நேரம்தானே” என்றார். அப்புறம் பைண்டிங்கை எடுத்து வரச் சொன்னார். கடைசிப் பகுதியைப் புரட்டினால் ‘மலர் உதிர்ந்தது!’ இல்லை. கரையான் அந்தப் பக்கமே போகவில்லை, பக்கங்கள் சுத்தமாகக் கிழிக்கப்பட்டிருக்கின்றன. கேட்டால், தோழி ஒருத்தி கல்யாணமாகிப் போனபோது அழுதாளாம், இவரே கிழித்துக் கொடுத்துவிட்டாராம். 1954இல்! இத்தனை வருஷம் எங்களில் யாரும் கவனிக்கவில்லை. யாரிடமாவது பழைய இதழ் இருக்கிறதா?

வடமராட்சி

அக்காவிடம் கேட்டேன். எங்களிடம் இப்போதும் மூன்றாம் பாகம்தான் பழசு, மற்றது எல்லாம் புதுப் பதிப்பு.

பழைய காகிதம்

என் மாமனாரின் பைண்டிங்கில் தேடினேன், அந்த இதழ் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் உடைகிறது, அழுத்தி ஸ்கேன் செய்ய முடியாது. போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். மணியத்தின் படத்தோடு வேண்டுமா, எழுத்து மட்டும் தெளிவாக இருந்தால் போதுமா?

அரிசிலாறு

படத்தோடு அனுப்புங்கள். பாட்டிக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. அதை நான் படித்துக் காட்டிவிடுவேன்.