சுவரில் வெள்ளக் கோட்டை அளந்த பிள்ளைகள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் சூழலியல் சொல்லிக்கொடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்படி கேட்டிருந்தீர்கள். என் அனுபவம் தென் சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியில் கிடைத்தது.

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் பல, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவை. நீர்நிலையை ஆக்கிரமித்தார்கள் என்று சொல்லி அவர்களைக் கொண்டுவந்து விட்ட இடமும் மழைக்குத் தண்ணீர் சூழும் இடம்தான். அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "நீர்நிலைகளைக் காப்போம்" என்று உறுதிமொழி சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உறுதிமொழி, ஓவியப் போட்டி எதுவும் வைக்காமல், அளவு நாடாவைக் கையில் கொடுத்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு தரைத்தள வீட்டுச் சுவர்களில் பழுப்பாக ஒரு கோடு நின்றது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெருத் தெருவாகப் போய், தரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று அளந்து நோட்டில் எழுதினார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் முழங்கால் அளவு, நாலு வீடு தள்ளி இடுப்பளவு. தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும், அப்படியானால் தரைதான் மேடு பள்ளமாக இருக்க வேண்டும் என்று ஒரு சிறுமி சொன்னாள். அவளுடைய அப்பா கொத்தனார். மட்டம் பார்க்க அவர் வைத்திருந்த ட்யூபை மறுவாரம் கொண்டுவந்துவிட்டாள். ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, சாலைக்கும் வீட்டு வாசலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்தார்கள். மீண்டும் மீண்டும் போட்டதில் சாலை உயர்ந்துபோய், வாசல் தாழ்ந்து கிடந்தது. எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்காது.

அதன் பிறகுதான் சதுப்பு நிலத்துக்கே போனோம். சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. இந்த வழியை வரைபடத்தில் விரலால் தொடர்ந்த ஒரு பையன், "இவ்வளவு தண்ணிக்கும் வாசல் இது ஒண்ணுதானா சார்?" என்று கேட்டான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம், பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர் என்பதையெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னபோது காதில் ஏறியது. முதலிலேயே சொல்லியிருந்தால் தேர்வுக்கான குறிப்பாகப் போயிருக்கும்.

பறவைகளில் அவர்களை அதிகம் இழுத்தது நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவே இடைவெளி, வாயை மூடினாலும் மூடாது. அடிபட்ட அலகு என்றே முதலில் நினைத்தார்கள். கரையில் கிடந்த நத்தை ஓடுகளைப் பார்த்து, இதைப் பிடிக்கத்தான் அந்த அமைப்பு என்று அவர்களாகவே பேசி முடிவுக்கு வந்தார்கள். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். நாமக்கோழியின் நெற்றியைப் பார்த்துப் பெயரை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். குப்பைமேடு பக்கத்திலேயே இருக்கிறது. நாற்றத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அது அவர்களுக்குத் தினசரி வாழ்க்கை.

ஒரு நாள் சுற்றுலாவாக அழைத்துப்போய்த் தொப்பியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பும் நிகழ்ச்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே இடத்துக்குக் கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, பனிக்காலத்தில் ஒருமுறை போக வேண்டும். தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் தன் கண்ணால் பார்க்காத பிள்ளைக்குச் சதுப்பு நிலம் வெறும் சேறாகத்தான் தெரியும்.

பதில் (நாங்குநேரிப் பக்கம் நடுநிலைப் பள்ளி ஆசிரியை):

ஐயா, எங்கள் சிக்கல் வேறு. இங்கே பல வீடுகளில் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள். சனிக்கிழமை என்றால் பெண் பிள்ளைகளும் கூட உட்கார்ந்தாக வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப்போகக் கையெழுத்து கேட்டபோது, "அன்றைய கூலியை யார் டீச்சர் தருவார்கள்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் சனிக்கிழமையை விட்டுவிட்டு, தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி நாளிலேயே அறிவியல் பாட வேளைகளை ஒன்றுசேர்த்துப் போனோம். இரண்டு அம்மாக்களும் உடன் வந்தார்கள்.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகளுக்காக ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். அதை விளக்கியது நானில்லை, வந்த அம்மாக்களில் ஒருவர். அவர் பிறந்த ஊர் அது. தன் அம்மா வகுப்பெடுப்பதைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் பைனாகுலர் இல்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் (முதலில் எழுதியவர்):

அம்மா, பள்ளி நாளிலேயே போனது மிகச் சரி. பைனாகுலர் எங்களிடம் இரண்டுதான், அதுவும் இரவல். நெடுங்கால் உள்ளான், நீலத் தாழைக்கோழி போன்றவை கரையருகே மேய்வதால் வெறும் கண்ணே போதும். பைனாகுலரைவிட முக்கியம் கழிப்பறை. போகும் இடத்தில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இல்லாத இடத்துக்குப் போனால் பெரிய பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெயிலில் மயங்குவார்கள்.

இன்னொன்று. ஜனவரி நடுவில் நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவேற்றினால் போதும். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றும் செய்யலாம். உங்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே காலையில் எண்ணிப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாமா? தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.