ஸ்விஃப்ட் ஸ்டியரிங் மாத்தினதுல சின்ன சிக்கல், ஐடியா சொல்லுங்க

வண்டி 2018 ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ, பட்டன் இல்லாத ஸ்டியரிங். அடுத்த மேல் மாடல் விஎக்ஸ்ஐ-யோட ஆடியோ பட்டன் வச்ச வீலும், புதுப்பேட்டையில வாங்கின பழைய கிளாக் ஸ்பிரிங்கும் (வீல் சுத்தினாலும் பட்டன், ஹாரன், ஏர்பேக் லைன் அறுபடாம இணைக்கிற சுருள் கேபிள்) போட்டாச்சு. பேட்டரி நெகட்டிவ் கழட்டி பதினஞ்சு நிமிஷம் விட்டுத்தான் ஏர்பேக்ல கை வச்சது. டயர் நேரா, கிளாக் ஸ்பிரிங் நடு மார்க்ல வச்சுத்தான் மாட்டினது. எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் கோளாறு காட்டுற) லைட் எரியல, ஹாரன் அடிக்குது.

பிரச்சினை பட்டன்லதான். வெளி மார்க்கெட் ஸ்டீரியோ. அதோட கீ1 (பட்டன் சிக்னல் வயர்), கிரவுண்ட் ரெண்டும் கொடுத்து, எந்த பட்டன் எதுக்குன்னு ஒவ்வொண்ணையும் ஸ்டீரியோவுல லேர்ன் பண்ணியாச்சு. வீல் நேரா இருந்தா எல்லாம் சரி. இடப்பக்கம் ஒரு சுத்து திருப்பினா வால்யூம் கூட்டுற பட்டன் அடுத்த பாட்டுக்குத் தாவுது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ரெசிஸ்டன்ஸ். அதை வச்சுத்தான் ஸ்டீரியோ பட்டனைக் கண்டுபிடிக்குது. மல்டிமீட்டர்ல பார்த்தா திருப்பும்போது அந்த அளவே ஏறுது. அதனால சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் உள்ள இருக்கிற ரிப்பன் கேபிள் மேல, இல்லன்னா கிரவுண்ட் மேல. (மஞ்சள் கனெக்டர்ல யாரும் மீட்டர் வைக்காதீங்க, ஏர்பேக் வெடிச்சிடலாம்.)

கேள்வி இதுதான்: கிரவுண்டை நேரா பாடியில கொடுத்துப் பார்த்தவங்க இருக்கீங்களா, சரியாச்சா? இல்ல புது கிளாக் ஸ்பிரிங்தான் வழியா? ரிப்பன் விரிசல்னா அதே கேபிள்லதான் ஏர்பேக் லைனும் போகுது, அதான் பயம். பெரம்பூர், மூலக்கடை, திருவொற்றியூர் பக்கம் எஸ்ஆர்எஸ் ஸ்கேனர் வச்சிருக்கிற நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் தெரிஞ்சா சொல்லுங்க அண்ணன்மாரே. அதுவரைக்கும் வண்டி வெளிய எடுக்கறதில்ல.