பாஸ்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் சபையில் ஒரே குழப்பம்

திண்டுக்கல்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது எந்தத் திருமண்டலத்திலும், அதாவது பேராயரின் கீழ் வரும் சபைகளின் அமைப்பிலும், சேராத தனிச்சபை. 60 குடும்பம் இருக்கும். சபையை ஆரம்பித்த பாஸ்டர் ஐயா போன ஐப்பசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பாதிப் பேர் அவர் மகனையே வைக்கலாம் என்கிறார்கள். தம்பி நல்ல பையன், கீபோர்டு அருமையாக வாசிப்பார், ஆனால் பிரசங்கத்துக்கு நின்றால் பத்து நிமிஷத்தில் தண்ணீர் கேட்பார். மீதிப் பேர் வெளியிலிருந்து மூன்று பேரை வரவழைத்து, ஆளுக்கொரு ஞாயிறு பேசவிட்டு, கை தூக்கச் சொல்லலாம் என்கிறார்கள். ஒரு பெரியவர், பைபிளில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்த மாதிரி சீட்டுப் போட்டுவிடுங்கள் என்கிறார். என்னைக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். உங்கள் சபைகளில் எப்படி?

நாசரேத் பக்கத்து ஆள்:
அண்ணே, எங்கள் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) இந்தத் தலைவலியே கிடையாது. ஐயரை, அதாவது போதகரை, பேராயர் (பிஷப்) அனுப்புவார். சில வருஷத்தில் மாற்றல் ஆர்டர் வரும், லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறும், நாங்கள் அடுத்த ஐயருக்குச் சால்வை வாங்கப் போய்விடுவோம். ஐயர் மகனும் ஐயர் ஆகலாம், ஆனால் அப்பா இருந்த சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) எனக்குத்தான் என்று கேட்க முடியாது. அதற்காகச் சண்டையே இல்லை என்று நினைக்காதீர்கள். அதையெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் கமிட்டித் தேர்தலுக்கு எடுத்து வைத்திருப்போம். அணி, நோட்டீஸ், பிரியாணி எல்லாம் உண்டு.

மதுரை டீச்சர்:
தம்பி, கை தூக்கச் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். நாங்கள் செய்து பட்டோம். எங்களுக்கும் மூன்று பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஆள், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த கெட்ட குமாரன் கதையைப் பேசினார். தகப்பன் ஓடி வருகிற இடம் வந்ததும் மேடையிலிருந்து இறங்கி அவரே ஓடினார். கிழவிகள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். எண்ணவே வேண்டாம், அத்தனை கையும் மேலே. பதினோரு மாதத்தில் போய்விட்டார். அவரிடம் இருந்த பிரசங்கமே இருபதோ என்னவோ, சுற்றிச் சுற்றி அதுவே வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால் போட்டோ எடுக்காமல் திரும்ப மாட்டார்.

அடுத்த தடவை கமிட்டியில் நானும் இருந்தேன். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தை எல்லாரும்தான் வாசிக்கிறோம், ஏழாம் வசனத்தில் யாரும் நிற்பதில்லை. கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, புறம்பானவர்களிடமும் நற்சாட்சி வேண்டும் என்கிறது. சரி, புறம்பானவர் யார்? நானும் இன்னொரு அக்காவும் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல், நாங்கள் யோசித்து வைத்திருந்த ஒரு பாஸ்டர் ஊழியம் செய்த ஊருக்குப் பஸ் ஏறினோம். அவர் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை மளிகைக்கடைக்குப் போய்க் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டே விசாரித்தோம். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி. "சர்ச் ஐயாவா? அஞ்சாம் தேதி கணக்கை முடிச்சிருவாரு. போன மாசம் லேட்டாகும்னு அவரே முன்னாடி வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றார், கடன் நோட்டைத் தட்டிக்கொண்டே. அப்புறம் வீட்டு ஓனரம்மா. ஐயாவின் சம்சாரத்துக்கு முதுகுவலியாம், குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பது ஐயாதானாம். அங்கேயே எனக்கு முடிவாகிவிட்டது. பிரசங்கம் அன்றைக்கும் சுமார், இன்றைக்கும் சுமார்தான், பேப்பரைப் பார்த்தே வாசிப்பார். ஏழு வருஷமாக எங்களோடு இருக்கிறார்.

சீட்டு கேட்கிற பெரியவரிடம் அப்போஸ்தலர் 1-ஐ முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் கூடவே இருந்தவர்களில் இரண்டு பேரைப் பொறுக்கி நிறுத்திய பிறகுதான் சீட்டே போட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. சபை இடம் யார் பெயரில் இருக்கிறது? சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருக்கிறீர்களா, இல்லை பழைய பாஸ்டர் ஐயா பெயரிலேயே பத்திரமா? அவர் சொந்தப் பெயரில் என்றால், யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் அந்த வீட்டாருக்கு வாடகைக்காரர்தான்.

அபர்தீன் நர்ஸ்:
டீச்சர் சொன்ன உளவு வேலையை இங்கே ஸ்காட்லாந்து திருச்சபையில் முறையாகவே செய்கிறார்கள். சபையார் தங்களுக்குள் ஒரு தேர்வுக் குழுவைப் போடுவார்கள். அந்தக் குழு விசாரித்து, பேசிப் பார்த்து, ஒரே ஒருவரைத்தான் சபைக்கு முன்னால் நிறுத்தும். அவர் ஆராதனை நடத்தி முடித்ததும் ரகசிய வாக்கு, வேண்டும் அல்லது வேண்டாம். மூன்று பேரை மோதவிடுவதில்லை. அந்தக் காலத்தில் ஊர்ப் பண்ணையார்தான் போதகரைக் கொண்டுவந்து வைப்பாராம். அந்தச் சண்டை முற்றித்தான் 1843-ல் நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளம், குடியிருந்த வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். சென்னையில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகளும் அவர்கள் பக்கம் போனார்கள். பண்ணையார் உரிமை சட்டப்படி ஒழிந்தது 1874-ல்.

திண்டுக்கல்காரன்:
டீச்சரம்மா, பத்திரத்தைப் பார்த்துவிட்டேன். நீங்கள் பயந்தபடியே ஐயா பெயரில்தான் இருக்கிறது. அப்படியே தம்பியிடமும் பேசினேன். "எனக்கு கீபோர்டு போதும்ணே. எனக்கு விருப்பமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே" என்கிறார். இடத்தைப் பற்றி அவர் அம்மாவிடம்தான் பேச வேண்டும். ஞாயிறு சாயங்காலம் மூன்று பேராகப் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.