கறுப்பு நகம் உள்ள பூனைக்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி?

மாடிவீட்டுப்பூனை கேட்டது:
வீட்டுக்குள்ளேயே வளரும் மூன்று வயதுப் பூனை. முன்னங்கால் நகங்கள் போர்வையிலும் திரைச்சீலையிலும் மாட்டிக்கொள்கின்றன. வெடுக்கென்று இழுக்கும்போது பிய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாதி நகங்கள் கறுப்பு என்பதால் உள்ளே சதை எதுவரை இருக்கிறது என்று தெரிவதில்லை. எவ்வளவு வெட்டலாம்? நாம் வைத்திருக்கும் நகவெட்டியே போதுமா? பாதத்தைத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்கிறது. பிடரியைப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்கிறார்களே, செய்யலாமா?

சாம்பல்வால்:
கூர்முனையை மட்டும் எடுத்தால் போதும், நகத்தைக் குட்டையாக்க வேண்டியதில்லை. விரலின் மேலே உங்கள் கட்டைவிரலையும் அடியிலுள்ள மெத்தென்ற சதைத் திண்டில் ஆள்காட்டி விரலையும் வைத்து மெதுவாக அழுத்துங்கள், நகம் தானாக வெளியே நீளும். வெளிர் நகத்தில் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான் ஓடுகின்றன. அது முடியும் இடத்துக்கு 2 மி.மீ. தள்ளி, நுனிப்பக்கமாக வெட்டுங்கள்.

கறுப்பு நகத்துக்கு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். ஓரளவு நிழல் தெரியும். எதுவும் தெரியாவிட்டால் வளைந்து மெலிந்திருக்கும் நுனியில் 1 மி.மீ. மட்டும் எடுங்கள். துணியில் மாட்டுவது அந்த ஊசிமுனைதான், அது போனாலே பிரச்சினை பெருமளவு தீரும்.

நம் நகவெட்டி வேண்டாம். அது தட்டையான நகத்துக்குச் செய்தது. பூனை நகம் பக்கவாட்டில் ஒடுங்கியது, அதில் வைத்தால் நசுங்கிப் பிளந்துவிடும். பிறை வடிவக் குழி உள்ள, கத்தரி மாதிரியான பூனை நகவெட்டி வாங்குங்கள். ஒரு அலகு நகத்தின் மேலும் மற்றது கீழும் வரும்படி பிடித்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். மழுங்கிப்போனால் மாற்றிவிடுங்கள், மழுங்கிய கத்தி வெட்டாமல் நசுக்கும், பூனைக்கு வலிப்பது அதனால்தான். வெட்டும்போது மேலுறை மட்டும் ஓடாகக் கழன்று வந்தால் பயப்பட வேண்டாம், பழைய உறை அப்படித்தான் உதிரும்.

முன்னங்காலின் உட்புறம், சற்று மேலே ஒரு நகம் இருக்கும். அது தரையில் படுவதில்லை, அதனால் தேயாது. விட்டுவிட்டால் சுருண்டு திண்டுக்குள்ளேயே குத்தும். பலரும் மறப்பது இதைத்தான்.

வேப்பமரத்தடி:
பிடரி பிடிப்பதைத் தயவுசெய்து விடுங்கள். தாய் குட்டியைத் தூக்குவது வேறு. வளர்ந்த பூனை அப்போது அசையாமல் இருப்பது பயத்தால், நிம்மதியால் அல்ல. அடுத்த முறை நகவெட்டியைப் பார்த்தவுடன் கட்டிலுக்கடியில் போய்விடும்.

முதல் வாரம் நகவெட்டியை எடுக்கவே வேண்டாம். தினமும் பாதத்தைத் தொட்டு, ஒரு விரலை அழுத்தி விட்டு, உடனே ஒரு துணுக்கு வேகவைத்த கோழி கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராததாக இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பிறகு சாப்பிட்டுச் சொக்கிக் கிடக்கும் நேரத்தில் ஒரு நகம், அதிகம் போனால் இரண்டு. 18 நகங்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வால் படபடவென்று அடித்தாலும், காது பின்னால் மடங்கினாலும், முதுகுத் தோல் துடித்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். துண்டில் சுற்றுவதானால் ஒரு கால் மட்டும் வெளியே இருக்கட்டும், கழுத்து இறுகக் கூடாது.

ஈரமூக்கு:
ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். சோளமாவையோ, ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரையோ உட்காரும் முன்பே ஒரு மூடியில் எடுத்து வையுங்கள். நகநுனியை அதில் அழுத்தி, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைவது கலைந்துவிடும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். கால் மணி நேரம் ஆகியும் கசிந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

டெட்டால் வைக்காதீர்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது, காலை நக்கினால் உள்ளே போய்விடும். வலிக்குமே என்று பாரசிட்டமால் கொடுப்பது அதைவிட ஆபத்து. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும்.

உங்கள் கையில் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள், பூனைக்கு ஊசி போட்டிருந்தாலும் சரி.

மாடிவீட்டுப்பூனை:
நன்றி. எத்தனை நாளுக்கு ஒருமுறை? பின்னங்காலும் வேண்டுமா?

சாம்பல்வால்:
முன்னங்காலுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பின்னங்கால் நகங்கள் பெரும்பாலும் அவ்வளவு கூர்மையாவதில்லை, பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும். மதில் ஏறி வெளியே சுற்றும் பூனை என்றால் நகத்தைத் தொடாமல் விடுவது நல்லது, நாய் துரத்தினால் மரமேற அதற்கு வேறு வழியில்லை. பத்து வயது தாண்டியவற்றுக்கு நகம் தடித்து, தூணில் கீறுவதும் குறையும்; நகம் குத்தியிருக்கிறதா என்று அவற்றின் பாதத் திண்டுகளை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெட்டினாலும் கீறும் பழக்கம் போகாது, போகவும் கூடாது. நிமிர்ந்து முழுதாக நீட்டிக் கீறும் உயரத்துக்கு, ஆடாத ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிறு சுற்றித் திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.