தாத்தா வீட்டு வாட்ஸ்அப் குழுவில்: முப்பத்தொன்றாவது பிள்ளை

28 மே 2025, புதன்

மலர் (மாலை 6.12): ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்ட) இலவச இடத்துக்கான விண்ணப்பம் இன்றும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது. சின்னவனுக்கு எல்.கே.ஜி. இடம் இலவசமாகக் கிடைத்தால்தான் பெரியவளுக்கு ஒன்றாம் வகுப்புக் கட்டணம் கட்ட முடியும். யாருக்காவது விவரம் தெரியுமா?

சித்தி: கோயில் கொடை வரி யார் யார் தந்தாயிற்று?

அம்மா: அவள் என்ன கேட்கிறாள், நீ என்ன கேட்கிறாய்

பெரியப்பா: மலர், இது நம் மாவட்டத்தில் மட்டும் இல்லை, மாநிலம் முழுக்க இப்படித்தான். தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்பது 2009 சட்டம். அவர்கள் கட்டணத்தை அரசு அந்தப் பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். அதில் ஒன்றிய அரசின் பங்கு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டம் வழியாக வரும். நூறு ரூபாய் என்றால் அங்கிருந்து 60, நாம் 40. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடியை நிறுத்திவிட்டார்கள். போன வாரம்தான் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. வட்டியோடு 2,291 கோடி கேட்கிறார்கள். இருங்கள், இன்னும் இருக்கிறது.

குமார் அண்ணன்: 🙏

செல்வி அத்தை (சென்னை): குழுவில் அரசியல் வேண்டாம் என்று பொங்கலுக்கே பேசினோம்

பெரியப்பா: செல்வி, பிள்ளை பள்ளிக்கூடம் போவது அரசியல் என்றால் நான் முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராகச் செய்தது எல்லாம் அரசியல்தான்.

குமார் அண்ணன்: பெரியப்பா, ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடுவதாகப் போன வருஷம் மார்ச்சில் கடிதம் கொடுத்தது நம் அரசுதானே? ஹிந்தி ஒரு பாடமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. என் பையன் படிக்கிறான்.

பெரியப்பா: கடிதம் போனது உண்மை. ஒப்பந்தத்தில், மூன்று மொழி படிக்கச் சொல்லும் புதிய கல்விக் கொள்கையை முழுசாக ஏற்க வேண்டும் என்ற வரி இருந்ததால் பிறகு நின்றார்கள். 1968லிருந்து இங்கே இருமொழிதான். மூன்றாவது மொழி வேண்டுமா என்று பேசட்டும், வாதாடட்டும். அதற்காக இந்த வருஷம் ஐந்து வயது ஆன பிள்ளையின் பணத்தைப் பிடித்து வைப்பது எந்த நியாயத்திலும் சேராது. அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது திரும்ப வராது.

மலர்: பெரியப்பா, தீர்ப்பு எப்போது வரும்?

பெரியப்பா: சொல்ல முடியாதம்மா. அதனால்தான் சொல்கிறேன், பெரியவளை நம் ஊர்ப் பள்ளியில் சேர்.

அம்மா: இரண்டு டீச்சர்தானே அங்கே?

பெரியப்பா: ஆமாம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்ப்பது கஷ்டம், நானே பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் இப்போது இருக்கும் தலைமையாசிரியை நல்லவர். காலைச் சாப்பாடும் உண்டு. பின்னால் மலர் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும்.

சுதா மைனி: மாமா, அது ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால்தான். கல்லூரிக்குப் போன பிறகுதான் பணம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் ஆறிலிருந்துதான் கணக்கு. தொடக்கப் பள்ளிக்கு அது பொருந்தாது.

பெரியப்பா: சரிதான் சுதா. அவசரத்தில் எழுதிவிட்டேன்.

சித்தி: கொடைக்கு வில்லுப்பாட்டு இந்தத் தடவை உண்டா இல்லையா

பெரியப்பா: முக்கியமானது இது. பள்ளியில் இப்போது 29 பிள்ளைகள். வருஷம் ஒரு தடவை வரும் பள்ளி மானியம் தலைக்கணக்கில்தான். 30 வரை என்றால் 10,000. 31 ஆனால் 25,000. சாக்பீஸ், மின்கட்டணம், குழாய், கழிப்பறை எல்லாம் அதில்தான். கழிப்பறைக் கதவு போன மழையிலிருந்து கயிற்றில் நிற்கிறது. அந்த மானியமும் இதே சமக்ர சிக்ஷாதான், எப்போது வரும் என்பது வேறு. ஆனால் வரும்போது 10,000 ஆக வந்தால் என்ன செய்வது? மலர் மகள் சேர்ந்தால் 30. இன்னும் ஒரு பிள்ளை வேண்டும்.

(6.50 முதல் 7.05 வரை யாரும் எழுதவில்லை)

செல்வி அத்தை (சென்னை): குமார் மகன் மூன்றாம் வகுப்புதானே

சுதா மைனி: அத்தை, உங்கள் பேரன் இரண்டு பேரும் சி.பி.எஸ்.இ.

செல்வி அத்தை (சென்னை): நான் சென்னையில் இருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற பத்து சென்ட் எனக்குத் தருவதாக அப்பா சொன்ன இடம். ஊருக்குக் கொடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அது பூட்டிக் கிடந்தால் நான் எதற்கு விட்டுக்கொடுத்தேன்?

அம்மா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு மைனி

செல்வி அத்தை (சென்னை): பேசத்தான் வேண்டும். கழிப்பறைக் கதவு என் செலவு. அண்ணா, எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியப்பா: கேட்கிறேன் செல்வி. கதவுக்கு ஒரு தடவை தரலாம். மின்கட்டணம் மாதா மாதம் வரும். அதை நாம் தருவது சரியாகவும் இருக்காது, அரசு தர வேண்டிய காசு அது.

குமார் அண்ணன்: வேன் கட்டணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன்

சுதா மைனி: நான் அரசுப் பள்ளியில் படித்தவள்தான் மாமா. எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பையன் மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிக்கவே திணறுகிறான், அதுதான் என் கவலை. அங்கே உட்காரவைத்து வாசிக்க வைப்பார்களா?

பெரியப்பா: 29 பேரில் அவன் கண்ணில் படாமல் போக மாட்டான் சுதா. இப்போது அவன் படிக்கும் பள்ளியில் ஒரு பிரிவில் எத்தனை பேர்?

சுதா மைனி: 44

மலர்: எனக்கு டி.சி. தர மறுக்கிறார்கள் பெரியப்பா. யு.கே.ஜி. பாக்கி 6,500 கட்டினால்தானாம்.

பெரியப்பா: டி.சி. தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, ஆர்.டி.இ. சட்டத்திலேயே இருக்கிறது. பிறப்புச் சான்றும் ஆதாரும் எடுத்துக்கொண்டு திங்கள் காலை 8 மணிக்கு வா. நான் வாசலில் நிற்பேன்.

மலர்: சின்னவன்?

பெரியப்பா: அங்கன்வாடியில் விடு. ஆர்.டி.இ. திறந்தால் அப்புறம் பார்ப்போம்.

மலர்: இவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்

சுதா மைனி: திங்கள் நானும் வருகிறேன். சேர்க்க இல்லை. காலைச் சாப்பாடும் வகுப்பும் எப்படி நடக்கிறது என்று பார்க்க.

குமார் அண்ணன்: சுதா, வேன் காசு

சுதா மைனி: பார்க்கத்தானே போகிறேன்

சித்தி: குமார், அந்தக் காசு திரும்பி வந்தால் கொடை வரியில் சேர்த்துவிடு. உன் பெயர் மட்டும்தான் பாக்கி.